புகை மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி சவுக்குத் தோப்பு பக்கம் போய்ப் பாருங்க

வாசகி எழுதினது, சுருக்கமா: "ஐயா, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவுல உள்ள கடலோர ஊரு எங்களுது. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு மலேரியா. மொதல்ல மங்களூர் போட்டுல வேலை பாத்துட்டு ஜூன் கடைசில காய்ச்சலோட வந்த 19 வயசு பையன். ஆடிப்பெருக்கு முடிஞ்ச ரெண்டாம் நாள், அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி 9 வயசு பொம்பளப்பிள்ளைக்கு வந்துருச்சு. அந்தப் பிள்ளை தீவை விட்டு எங்கயும் போனதில்ல. ஊர்க் கூட்டத்துல ஒரே சண்டை. வெளியூர் போட்டுக்கு போறவங்கதான் காரணம்னு சிலர், கட்டட வேலைக்கு வந்த ஹிந்திக்காரங்கன்னு சிலர், மண்டபம் இலங்கை அகதிகள் கேம்ப்ல இருந்து வந்து போறவங்கன்னு சிலர். கமிட்டியில 70 ஆயிரம் சேத்து புகை மெஷின் வாங்கலாம்னு பேசியிருக்காங்க. நான் மகளிர் குழு தலைவி, பணம் என் பொறுப்புல இருக்கு. வாங்கலாமா? எங்க ஊருக்கு எவ்வளவு ஆபத்து இருக்குன்னு நாங்களே எப்படி தெரிஞ்சுக்கறது?"

தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். பணத்த இப்போதைக்கு குடுத்துராதீங்க, அதை முதல்லயே சொல்லிடுறேன். மிச்சத்த கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நீங்க கேட்ட கடைசி கேள்விதான் உண்மையான கேள்வி, அதை கூட்டத்துல யாரும் கேக்கலைன்னு நெனைக்கிறேன்.

நான் சுகாதாரத்துறையில பூச்சியியல் பிரிவுல இருந்து ரிட்டையர் ஆனவன். கொசுவ பிடிக்கிறது, கொசுப்புழு எங்க இருக்குன்னு தேடுறது, எந்த மருந்துக்கு சாகுது எதுக்கு சாகலைன்னு பாக்குறது, இதுதான் என் வேலையா இருந்துச்சு. ஒரு ஊர்ல மலேரியா ஆபத்து எவ்வளவுன்னு பாக்கும்போது நாங்க ரெண்டா பிரிச்சு பாப்போம். வெளிய இருந்து கிருமி வந்து சேர்ற வாய்ப்பு எவ்வளவு, இது ஒண்ணு. வந்த கிருமி அந்த ஊர்ல பிடிச்சு பரவுறதுக்கு தோதான நெலம இருக்கா, அதாவது அந்த வகை கொசு இருக்கா, அது முட்ட போட தண்ணி இருக்கா, ராத்திரி மனுசங்கள கடிக்க வழி இருக்கா, இது ரெண்டாவது. ரெண்டையும் கூட்டக்கூடாது, பெருக்கணும். ஒண்ணு சைபர்னா மொத்தமும் சைபர். கிருமியோட நூறு பேர் வந்து எறங்கினாலும் அந்த கொசு இல்லாத ஊர்ல ஒருத்தருக்கும் பரவாது, அதே மாதிரி கொசு கொத்து கொத்தா இருந்தாலும் கிருமி இல்லன்னா வெறும் கடிதான்.

உங்க ஊர்ல சண்டை நடக்குறது முழுக்க முதல் பாதிய பத்தி. யாரு கொண்டாந்தான்னு. அந்தப் பையன் கொண்டாந்திருக்கலாம், மங்களூர் ரொம்ப வருஷமாவே கர்நாடகத்துல மலேரியாவுக்கு பேர் போன ஊரு, இப்ப ரொம்ப குறைஞ்சிருக்கு ஆனா அந்த சந்தேகம் தப்பில்ல. ஆனா ஒண்ணு யோசிங்க, நம்ம கடற்கரையில போட்டுக்குப் போகாதீங்கன்னு சொல்ல முடியுமா? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இங்க தடைக்காலம், வீட்டுல அடுப்பு எரியணுமில்ல, மேற்குப் பக்கம் போகத்தான் செய்வாங்க, அங்க ஜூன்ல தடை ஆரம்பிச்சா திரும்பி வரத்தான் செய்வாங்க. இது வருஷா வருஷம் நடக்குறது, அடுத்த வருஷமும் நடக்கும். அதுனால அவங்கள திட்டுறத விட்டுட்டு, அவங்க வந்து எறங்குற அந்த மூணு நாலு வாரத்துக்கு நாம தயாரா இருக்கோமான்னு பாக்குறதுதான் புத்தி. கட்டட வேலைக்கு வர்றவங்களுக்கும் இதே பேச்சுதான், ஒடிசா சத்தீஸ்கர் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்கன்னா வந்த வாரமே காய்ச்சல் இருக்கோ இல்லையோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பாத்துடுறது நல்லது. அன்பா கேட்டா குடுப்பாங்க. கூட்டத்துல திட்டினா காய்ச்சல் வந்தாலும் மறைப்பாங்க, மறைச்சா ஆபத்து நமக்குத்தான்.

கேம்ப் ஆளுங்கள சொல்றது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இலங்கையில கடைசியா உள்ளூர்லயே ஒருத்தருக்கு மலேரியா பரவுனது 2012 அக்டோபர்ல. 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழே குடுத்துச்சு. தனுஷ்கோடியில இருந்து பாத்தா அந்தக் கரை முப்பது கிலோமீட்டர் கூட வராது, அங்க இருந்து நமக்கு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல, நாமதான் அங்க கொண்டு போயிடுவோமோன்னு அவங்க பயப்படுறாங்க. 2018 கடைசியில அங்க உள்ளூர் ஆள் ஒருத்தருக்கு மலேரியா வந்துச்சு, தேடிப் பாத்தா இந்தியாவுல இருந்து வேலைக்குப் போன ஒருத்தர் கிட்ட இருந்து கொசு வழியா பரவியிருக்கு. அவங்க ஒரே கேஸுக்கு அந்த சுத்துவட்டாரத்தயே சல்லடை போட்டு தேடி அதோட நிப்பாட்டிட்டாங்க. கூட்டத்துல கேம்ப பத்தி யாராச்சும் மறுபடி பேசுனா இதை அப்படியே சொல்லுங்க.

இப்ப அந்த ஒம்போது வயசு பிள்ளைக்கு வருவோம். ஊரை விட்டு போகாத பிள்ளைக்கு வந்திருக்குன்னா, நான் மேல சொன்ன ரெண்டாவது பாதி உங்க தெருவுல சைபர் இல்லன்னு அர்த்தம். கணக்குப் பாருங்க. பையன் ஜூன் கடைசில வந்தான். காய்ச்சல் வந்தப்புறம் ஒம்போது நாள் மெடிக்கல்ல மாத்திரை வாங்கி ஓட்டினான், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு போனான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவனுக்கு வந்த வைவாக்ஸ் வகை மலேரியா கிருமிக்கு ஒரு குணம் உண்டு, காய்ச்சல் ஆரம்பிச்ச ஓரிரு நாள்லயே கொசுவுக்கு ஏறுற ரூபத்துல ரத்தத்துல வந்துரும், பால்சிபாரம்ங்கற இன்னொரு வகைன்னா அதுக்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அப்ப அந்த ஒம்போது ராத்திரியும் அவனைக் கடிச்ச கொசுவுக்கெல்லாம் கிருமி ஏற வாய்ப்பு இருந்திருக்கு. கொசு வயித்துல அது முத்தி எச்சிலுக்கு வர நம்ம ஊர் சூட்டுக்கு பத்து நாள் சொச்சம் ஆகும், அதுக்கப்புறம் அது பிள்ளையக் கடிச்சா காய்ச்சல் வர இன்னும் பன்னெண்டுல இருந்து பதினேழு நாள். கூட்டுனா ஜூலை கடைசி ஆகஸ்ட் ஆரம்பத்துல வந்து நிக்குது, ஆடிப்பெருக்குக்கு ரெண்டாம் நாள். சும்மா தற்செயலா இருக்கும்னு எனக்குத் தோணல. நாலு வீடு தூரம்ங்கறதும் ஒத்துப் போகுது, ஏன்னா இந்தக் கொசு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் பறக்கும்னாலும் பக்கத்துலயே சாப்பாடு கெடைச்சா ரொம்ப தூரம் போகாது.

சரி எந்தக் கொசு? இங்கதான் உங்க தீவோட கதையே இருக்கு. மலேரியா பரப்புறது அனாபிலஸ். அதுல நம்ம பக்கம் ரெண்டு முக்கியம். ஒண்ணு ஸ்டீபன்சி, இது டவுன் கொசு, கெணறு, மாடித் தொட்டி, சின்டெக்ஸ், சிமெண்ட் தொட்டி இதுலதான் முட்டை வைக்கும், சென்னை இத்தன வருஷம் மலேரியாவோட மல்லுக்கட்டுனது இதாலதான். இன்னொண்ணு குலிசிபேசிஸ், கிராமத்துக் கொசு. இந்த குலிசிபேசிஸ்ங்கறது பாக்க ஒண்ணா இருக்கும் ஆனா உள்ளுக்குள்ள அஞ்சு இனம், ஏ பி சி டி ஈன்னு பேரு வச்சிருக்காங்க. இதுல பி இனம் வடநாட்டுப் பக்கம் பெரும்பாலும் மாட்டத்தான் கடிக்கும், மலேரியா பரப்புறதுல அது பெரிய ஆள் இல்ல. ஆனா ராமேஸ்வரம் தீவுல பி இனம்தான்னு நெனச்ச கொசுவுல மலேரியா கிருமி நெறைய கெடைச்சுது, எப்படிடா இதுன்னு ஆராய்ச்சி பண்ணுனவங்க குழம்பிப் போயி, ஆண் கொசுவோட குரோமோசோம எடுத்துப் பாத்து, இது பி இல்ல வேற ஒரு இனம்னு கண்டுபிடிச்சாங்க. அதுதான் ஈ இனம். 1999ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. இது வீட்டுக்குள்ள தங்கும், மனுசனைக் கடிக்கிறதுல ஆசை அதிகம். உலகத்துல மொதல் மொதல்ல அந்த இனத்த பிரிச்சு அடையாளம் கண்டது உங்க மண்ணுல பிடிச்ச கொசுவ வச்சுத்தான். இதை நான் பெருமைக்கு சொல்லல, நம்ம ஊர்ல மாடு நெறைய இருக்கு கொசு மாட்டோட போயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்கன்னு சொல்றதுக்காக சொல்றேன்.

அது எங்க முட்ட போடுதுன்னு பாக்கணும்ல, அதுக்குத்தான் சவுக்குத் தோப்புக்கு போகச் சொல்றேன். உங்க தீவுல மணலத் தோண்டுனா அஞ்சாறு அடியில நல்ல தண்ணி ஊறும், சவுக்குக் கன்னுக்கு ஊத்துறதுக்கு அங்கங்க குழி தோண்டி விட்டுருப்பாங்க, கன்னு மரமானதும் குழிய யாரும் மூடுறதில்ல. சுத்தமான தண்ணி, கொஞ்சம் நெழல், அலை கிடையாது, மீன் கிடையாது. குலிசிபேசிஸுக்கு இதவிட நல்ல எடம் வேணாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒரு கடலோர ஊர்ல எங்க டீம் கெணறு கெணறா மருந்து ஊத்திட்டு வந்தோம், ரெஜிஸ்டர்ல எல்லா கெணறும் டிக் ஆயிருச்சு, ஆனா காய்ச்சல் கொறையவே இல்ல. மூணு மாசம் கழிச்சு ஒரு பாட்டி ஆட்டை ஓட்டிட்டு வந்து, "எய்யா கெணத்தையே பாக்குறீயளே, அந்தா தோப்புக்குள்ள போயி பாருங்க, சாயங்காலம் அங்க நிக்க முடியல"ன்னு சொன்னாங்க. போனா பதினோரு குழி. அந்த மூணு மாசத்துல காய்ச்சல் வந்தவங்களுக்கு நாங்கதான் பதில் சொல்லணும். அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல ஆடு மேய்க்கிறவங்களயும், தண்ணி தூக்குற பொம்பளைங்களயும்தான் கேப்பேன், ஊர்ல எங்க எங்க தண்ணி நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எந்த ஆபீஸருக்கும் தெரியாது.

நீங்களும் குழுவுல நாலு பேரக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கெளம்புங்க. ஒரு வெள்ளைக் கலர் கிண்ணம், எனாமலா பிளாஸ்டிக்கா எதுன்னாலும் சரி, ஒரு நீளக் கம்புல கட்டிக்கோங்க. குழிக்கிட்ட போகும்போது உங்க நெழல் தண்ணி மேல விழாம சூரியனுக்கு எதிர்த்தாப்புல நின்னு போங்க, நெழல் பட்டா புழு சட்டுன்னு அடிக்கு போயிரும், நீங்க மொண்டு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு வந்துருவீங்க. ஓரத்துல, புல்லு தொங்குற எடத்துல, கிண்ணத்த சாய்ச்சு மெதுவா மொள்ளுங்க. மொண்டுட்டு ஒரு நிமிஷம் அசையாம வச்சிருங்க. அப்புறம் பாருங்க, தண்ணி மேல் மட்டத்துல, படுத்த வாக்குல, ஒரு சின்னத் துரும்பு மாதிரி கெடந்து பின்னால நகர்ந்தா அது அனாபிலஸ். சாக்கடையில பாக்குற புழு தலைகீழா சாய்ஞ்சு தொங்கும், அது வேற, அதுக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இல்ல. வளர்ந்த கொசு சுவத்துல ஒக்காந்திருந்தா அதையும் பாருங்க, வாலைத் தூக்கிக்கிட்டு ஆணி அடிச்ச மாதிரி சரிவா நின்னா அனாபிலஸ், சுவத்துக்கு இணையா இருந்தா வேற கொசு. உங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு போங்க, பெரியவங்கள விட அவங்க கண்ணு சீக்கிரம் கண்டுபிடிக்கும், குழி ஓரத்துல மட்டும் பிடிச்சுக்கோங்க.

ஒரு நோட்டுல ஊரோட படம் வரைங்க. நல்லா வரணும்னு இல்ல, கோயிலு, சர்ச்சு, பள்ளிவாசல், தண்ணித் தொட்டி, கடக்கரைன்னு போட்டுட்டு கெணறு, குழி, ஊத்து, தொட்டி எல்லாத்துக்கும் ஒரு புள்ளி. புழு இருந்ததுக்கு செவப்பு. ரெண்டு கேஸ் வந்த வீட்டுக்கு ஒரு கட்டம். அப்புறம் வேலை இல்லாத நேரத்துல அந்தப் படத்த ஒரு தடவ உத்துப் பாருங்க. கட்டத்துக்குப் பக்கத்துல செவப்பு எங்க இருக்கோ அங்கதான் உங்க 70 ஆயிரத்துல மொத ரூபா போகணும். நீங்க கேட்ட ஆபத்துக் கணக்கு இதுதான். மாவட்ட ஆபீஸ்லயும் ஆயிரம் பேருக்கு வருஷத்துல எத்தன கேஸ்னு ஒரு எண் வச்சிருப்பாங்க, அது வேணும்தான், ஆனா மாவட்டம் முழுக்க சராசரி எடுத்தா உங்க தெரு அதுல காணாமப் போயிரும்.

கெணத்துக்கு மூடி போட்டிருக்கோம்னு எழுதியிருந்தீங்க, பழைய வலையப் போட்டு. நல்ல எண்ணம், ஆனா மீன் வலைக் கண்ணுல கொசு சர்வ சாதாரணமா போயிட்டு வரும். சன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையாத்தான் இருக்கணும், அதையும் வெறுமன மேல விரிச்சா பத்தாது, சுத்தி இழுத்துக் கட்டணும், இல்லன்னா வாளி விடும்போது தொங்கிப் போயி ஓரத்துல வழி விட்டுரும். காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவ வர்ற ஊர்ல டிரம்மு, தொட்டின்னு பிடிச்சு வைக்காம இருக்க முடியாது, அத யாரும் குத்தம் சொல்லக்கூடாது, ஆனா வாரத்துல ஒரு நாள் எல்லாத்தையும் கவுத்து ஓரத்த தேய்ச்சு காயப் போடணும். ஏன் வாரம்னா, முட்டையில இருந்து கொசுவா பறக்க நம்ம வெயிலுக்கு ஏழு நாள்ல இருந்து பத்து நாள்தான், அதுக்குள்ள நடுவுல ஒரு தடவ அறுத்து விட்டா போதும். தோப்புக் குழியில யாரும் தண்ணி எடுக்கலன்னா மணலப் போட்டு மூடிருங்க, தோப்புக்காரர் கிட்ட கேட்டுக்கோங்க. எடுக்குறாங்கன்னா வாரம் ஒரு தடவ மொத்தமா எறைச்சு வெளிய மணல்ல ஊத்துங்க, புழு மணல்ல செத்துரும், குழியில தண்ணி மறுபடி ஊறிக்கும். பெரிய கெணறுன்னா கொசுப்புழுவத் தின்னுற கம்பூசியா மீன் கேளுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஏற்பாடு பண்ணுவாங்க. இதுல ஒண்ண கவனிக்கணும், மீன விட்டுட்டு அடுத்த வாரம் யாரோ நல்லது பண்றேன்னு பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டினா மீன் எல்லாம் மெதக்கும். ரெண்டு வேலையும் வேற வேற ஆள் செய்வாங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டாங்க, நீங்கதான் நடுவுல நிக்கணும். அபேட்ங்கற கொசுப்புழு மருந்த நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, அளவு இருக்கு, அதுக்குன்னு ஆள் வருவாங்க.

எறால் பண்ணை குட்டையில நிக்கிற உப்புத் தண்ணியிலயும் ஒரு வகை அனாபிலஸ் வரும், அதுக்கு ரெண்டாம் எடம்தான், மொதல்ல நல்ல தண்ணிய முடிங்க.

இப்ப புகை. புகை மெஷின் சத்தம் போடும், தெருவே வெள்ளையாகும், பிள்ளைங்க பின்னாடி ஓடும், ஏதோ நடக்குதுன்னு எல்லாருக்கும் ஒரு திருப்தி வரும். ஆனா அந்த நேரத்துல வெளிய பறந்துக்கிட்டு இருக்குற கொசு மட்டும்தான் சாகும். குலிசிபேசிஸ் பகல்ல வீட்டுக்குள்ளயும் மாட்டுக் கொட்டகையிலயும் ஒளிஞ்சிருக்கும், ராத்திரிதான் கடிக்கும், பத்து பன்னெண்டு மணிக்கு மேல கூட. உங்க கடக்கரைக் காத்துல சாயங்காலம் அடிக்கிற புகை அஞ்சு நிமிஷத்துல கடலுக்குப் போயிரும். குழியில இருக்குற புழுவுக்கு ஒரு சேதாரமும் கெடையாது, அடுத்த வாரம் அது கொசுவா வரும். நெறைய கேஸ் ஒரே நேரத்துல வந்தா ஆஸ்பத்திரிக்காரங்களே மெஷினோட வந்து அடிப்பாங்க, அதுக்கு அவங்க கிட்ட மெஷின் இருக்கு. உங்க காசு அதுக்கு வேணாம்.

அந்தக் காசுக்கு கொசுவலை வாங்குங்க. மருந்து தோய்ச்ச வலை, ஆஸ்பத்திரியில எத்தன தர முடியும்னு மொதல்ல கேட்டுட்டு, பத்தாததுக்கு மட்டும் வாங்குங்க. அதுலயும் நீங்க யோசிக்க வேண்டியது, அந்தப் பிள்ளை எங்க படுத்துச்சுன்னு. பாட்டியோட முத்தத்துல கட்டில்ல, புழுக்கம் தாங்காமன்னு எழுதியிருக்கீங்க. நம்ம பக்கம் ஆடி ஆவணியில யாரு உள்ள படுக்குறா, ஆம்பளைங்க பாதிப் பேரு கரையில வள்ளத்துக்குப் பக்கத்துல மணல்லயே படுக்குறாங்க. வீட்டுக்குள்ள சுவத்துல மருந்து அடிச்சு என்ன, ஆளே வெளிய இருந்தா? அதுனால வலை வாங்கும்போது முத்தத்துல நாலு கம்பு நட்டு கட்டுற மாதிரி பெரிய வலையா, கட்டிலுக்கு அடியில சொருகுற நீளத்துக்கு வாங்குங்க. கரையில படுக்குறவங்களுக்கு வள்ளத்துக் கம்புல கயிறு கட்டி விரிக்கிற மாதிரி பண்ணலாம், வலை கட்டுறதுக்கு மீனவங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. சுவத்துக்கு மருந்து அடிக்க வந்தா வேணாம்னு சொல்லாதீங்க, சாமி ரூம விட்டுருங்க அடுப்படிய விட்டுருங்கன்னு பாதி வீட்ட விட்டுட்டா கொசு அந்தப் பாதியில போயி ஒக்காரும். அடிச்சதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு வெள்ளை அடிக்காதீங்க, பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அடிக்கணும்னா மருந்துக்கு முன்னாடி அடிச்சுருங்க. மருந்தடிச்சு ரெண்டாவது வாரமே சுண்ணாம்பு பூசின தெரு எத்தனயோ பாத்துருக்கேன், அரசாங்கப் பணமும் போச்சு வேலை பாத்தவன் முதுகு வலிச்சதும் வீணாப் போச்சு.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அதுக்கு காசே வேணாம். அந்தப் பையன் மாத்திரைய முடிச்சானா? நீங்க எழுதியிருக்குறத பாத்தா மூணு நாள் குளோரோகுயின் போட்டு காய்ச்சல் நின்னதும் போட்டுக்கு கெளம்பிட்டான் போல. வைவாக்ஸ் மலேரியாவுக்கு அந்த மூணு நாள் மாத்திரை ரத்தத்துல இருக்குறத மட்டும்தான் கொல்லும். கல்லீரல்ல கொஞ்சம் கிருமி தூங்கிக்கிட்டு இருக்கும், அது சில வாரத்துலயோ ஆறு மாசத்துலயோ எழுந்துக்கும், புதுசா எந்தக் கொசுவும் கடிக்காமலே மறுபடி குளிர் காய்ச்சல் வரும், வந்தா மறுபடி நாலு வீட்டுக்குப் பரவும். அதக் கொல்றது பிரைமாகுயின், 14 நாள் தெனமும் போடணும். அஞ்சாம் நாள் ஒடம்பு நல்லா ஆயிரும், ஆறாம் நாள் மாத்திரை மறந்துரும், இதுதான் எல்லா ஊர்லயும் நடக்குறது. எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர், போட்டு டிரைவர், இப்படி நாலு நாளோட விட்டவரு, மூணு மாசம் கழிச்சு நடுக்கடல்ல குளிர் தூக்கித் தூக்கிப் போட்டு, வலைய பாதியில அறுத்து விட்டுட்டு கரைக்கு வந்தாங்க.

அதுனால பையனுக்கும் பிள்ளைக்கும் 14 நாள் மாத்திரைய உங்க குழுவுல ஒருத்தர் தெனமும் போயி கண்ணு முன்னாடி சாப்பிட வைங்க, வெறும் வயித்துல வேணாம், சாப்பாட்டுக்கு அப்புறம். பையன் விட்டுட்டான்னா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி மறுபடி முழுசா ஆரம்பிக்கணுமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க, மிச்சம் கெடக்குற மாத்திரைய அவனா போட வேணாம். இந்த மாத்திரை கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் ஒரு வயசுக்கு கீழ உள்ள கொழந்தைக்கும் குடுக்க மாட்டாங்க. இன்னும் ஒண்ணு, ஜி6பிடின்னு ஒரு குறைபாடு சிலருக்குப் பொறப்புலயே இருக்கும், அவங்களுக்கு இது ரத்தத்த ஒடைச்சுரும். முடிஞ்சா மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு ரத்தம் பாக்க சொல்லுங்க. மாத்திரை போடுற நாள்ல ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மறுநாள் பாக்கலாம்னு இருக்காதீங்க.

மெடிக்கல் கடைக்காரர் கிட்டயும் ஒரு தடவ போயி பேசுங்க, சண்டைக்கு இல்ல. காய்ச்சல்னு யாரு வந்தாலும், அதுலயும் வெளியூர் போட்டுல இருந்து வந்தவங்கன்னா, மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி ரத்தம் பாத்தாச்சான்னு ஒரு வார்த்தை கேக்க சொல்லுங்க. இப்ப கிட்டுல விரல்ல ஒரு சொட்டு எடுத்து கால் மணி நேரம் இருபது நிமிஷத்துல சொல்லிடுறாங்க, மைக்ரோஸ்கோப்ல பாக்குறதுக்கு கண்ணாடித் துண்டுல ரத்தம் தடவியும் எடுப்பாங்க. அந்த ஒம்போது நாள் ரெண்டு நாளா இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு வந்திருக்காதுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா வாய்ப்பு ரொம்ப கொறஞ்சிருக்கும். சீனாவுல மலேரியாவ ஒழிச்சப்ப 1, 3, 7ன்னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. ஒரு நாளைக்குள்ள கேஸ சொல்லணும், மூணு நாளைக்குள்ள எங்க இருந்து வந்துச்சுன்னு விசாரிக்கணும், ஏழு நாளைக்குள்ள அந்த எடத்துல வேலைய முடிக்கணும். 2021ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கிட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2015ல பதினொரு லட்சத்துக்கு மேல இருந்தது 2023ல ரெண்டே கால் லட்சம் சொச்சத்துக்கு வந்துருக்கு, 2030க்குள்ள ஒழிக்கணும்னு இலக்கு.

ரெண்டு கேஸ்தானன்னு கமிட்டியில யாராச்சும் இப்ப அசட்டையா பேசுவாங்க, புகை மெஷின் வேணாம்னு சொன்னதும் அப்ப ஒண்ணுமே வேணாம்னு போயிருவாங்க. அவங்களுக்கு இதச் சொல்லுங்க. இலங்கையில 1963ல நாடு முழுக்க மொத்தமே 17 கேஸ். முடிஞ்சுதுன்னு நெனச்சு மருந்தடிக்கிறத, தேடுறத எல்லாம் கொறைச்சாங்க. 1969ல அஞ்சு லட்சத்துக்கும் மேல. நம்ம நாட்டுலயும் 1965 வாக்குல ஒரு லட்சத்துக்கு வந்தது 1976ல அறுபத்தி நாலு லட்சம் ஆச்சு. பெரியவங்க யாராச்சும் உங்க ஊர்ல இருந்தா கேட்டுப் பாருங்க, அந்தக் கால குளிர் காய்ச்சல் ஞாபகம் இருக்கும். கேஸ் கொறைவா இருக்கும்போது வேலை பாக்குறதுதான் சுலபம், ரெண்டு குழி நாலு கெணத்தோட முடிஞ்சுரும்.

உங்களுக்கு இருக்குற நேரம் ஐப்பசி மழை வரைக்கும். அடை மழை பிடிச்சுட்டா புதுசு புதுசா குட்டை நிக்கும், தோப்புக்குள்ள நடக்கவே முடியாது, படத்துல புள்ளி வச்சு மாளாது. அதுனால இந்த ஞாயித்துக்கிழமையே கெளம்பிருங்க. நாளைக்கே சுகாதார ஆய்வாளருக்கு போன் பண்ணி, ரெண்டு கேஸ் வீட்டச் சுத்தி ஒரு அம்பது அறுபது வீட்டுலயாச்சும் ஒருத்தர் விடாம ரத்தம் எடுக்கச் சொல்லி கேளுங்க, காய்ச்சல் இல்லாதவங்களுக்கும் சேத்து, ஏன்னா சிலருக்கு ஒடம்புல கிருமி இருந்தும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பிள்ளையோட பாட்டிக்கு மொதல்ல எடுங்க, ஒரே கட்டில்ல படுத்தவங்க. கரைக்குப் போற ஆம்பளைங்கள பகல்ல பிடிக்க முடியாது, அவங்க படகு வர்ற நேரம் பாத்து நர்சம்மாவ ஏலக் கூடத்துக்கு வரச் சொல்லுங்க, மீன எடை போடுற நேரத்துல ரெண்டு நிமிஷம் விரல நீட்டிருவாங்க.

எத்தன குழியில புழு இருந்துச்சுன்னு படத்தோட ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எதை மொதல்ல மூடலாம்னு பாத்து சொல்றேன். பிள்ளைக்கு இன்னைக்கு எத்தனாவது நாள் மாத்திரைன்னும் எழுதுங்க.